மடிக்கணினிக்கு மடி வேண்டாம்
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

'மடிக்கணினி' என்று பெயரிட்டவர் யாரோ, அறியோம். பெயர் அழகுதான். ஆனால் அப்பெயரை நம்பியே நம் வீடுகளில் பல கருவிகள் அற்ப ஆயுளில் முடிந்துபோகின்றன என்பது எங்கள் கருத்து.

அரசு பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயில்வோருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கியது. எங்களில் சிலர் வீட்டில் இன்றும் இருப்பது, அக்காளுக்கோ அண்ணனுக்கோ அவ்வாறு கிடைத்த ஒன்றேயாகும். அது பழுதானால் உடனே மற்றொன்று வாங்க அப்பாவால் இயலாது. சென்ற கோடையில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் அதுதான் நடந்தது. மெத்தைமீது வைத்து இரவெல்லாம் படம் பார்த்தார்கள்; காலையில் கருவி கண் திறக்கவில்லை. பழுது பார்ப்பவர் பிரித்துக் காட்டியபோது விசிறியைச் சுற்றிப் பஞ்சும் தூசியும் அடையாய்ப் படிந்திருந்தனவாம். அக்காளின் கல்லூரிக் கட்டுரைகள் அனைத்தும் அதற்குள்ளேதான்! அவற்றை மீட்கப் பத்து நாட்கள் அலைந்தார்கள்.

காரணம் எளிது. கணினியின் செயலி வேலை செய்யுங்கால் சூடாகிறது. பெரும்பாலான கருவிகளில் சிறு விசிறி ஒன்று அடிப்பக்கத்துத் துளைகள் வழியே காற்றை இழுத்துச் சூட்டை வெளியே தள்ளும். மெத்தையும் தலையணையும் நம் பாவாடை மடிப்பும் அத்துளைகளை அடைத்துவிடுகின்றன. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் கருவி அணைந்துவிடும். 'கிழட்டுக் கணினி' என்று நாம் திட்டும்போது, பாவம், அது மூச்சு முட்டிக் கிடக்கிறது! லித்தியம் அயனி மின்கலமும் சூட்டில் விரைவாகத் தேயும். 35 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் இயக்க வேண்டாம் என்பதே தயாரிப்பாளர் பலர் கூறும் அறிவுரை. நம் சித்திரை வெயிலோ 40-ஐத் தொடுகிறது. விலையுயர்ந்த விசிறி மேடை எதற்கு? அடியில் ஒரு பரீட்சை அட்டை போதும்.

அம்மாக்களுக்கும் ஒரு விண்ணப்பம். டி.வி.க்குப் போடும் பூவேலைத் துணியை ஓடும் கணினிக்குப் போர்த்த வேண்டாம்!

இனி, எடுத்துச் செல்லும் முறை. மூடியவுடன் கணினி உறங்குகிறதே தவிர அணைவதில்லை. பைக்குள் விழித்துக்கொண்டு வேகுவதும் உண்டு. ஆகவே முழுவதும் அணைத்தே வைக்க வேண்டும். பழைய கருவிகளில் பலவற்றின் வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. ஓடும்போது அதிர்ந்தால் தட்டில் கீறல் விழும். தண்ணீர் பாட்டிலுக்கும் டிபன் பாக்ஸுக்கும் வேறு பை வேண்டும். சார்ஜரைத் திரைப்பக்கம் திணிப்பதும் கூடாது. பஸ்ஸில் கூட்டமென்றால் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் பைகளை அடுக்குகிறோம். அடுப்பில் வைப்பதும் அதுவும் ஒன்றே.

நாங்கள் குறை கூறுவது எங்களை மட்டுமன்று. செயல்திட்ட நாட்களில் கணினி கொண்டுவர அனுமதிக்கும் பள்ளி, மாலைவரை அதை பெஞ்சுக்கடியில் வைக்கச் சொல்கிறது. கால் பட்டுப் பைகள் சாய்கின்றன. இடைவேளையில் தண்ணீர் சிந்துகிறது. இது சரியன்று எனப் பணிவுடன் கூறுகிறோம். நூலகத்தில் காலியாக உள்ள மர அலமாரியை அந்நாட்களில் மட்டும் தந்தால் போதும், சிஸ்டர். சாவியை வகுப்புத் தலைவி வைத்துக்கொள்வாள்.