தொட்டுக்க என்ன?

என் சகதர்மிணியின் தம்பிக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. போன மாதம் பார்த்தபோது வலது காலில் துணிக்கட்டு. உப்பு வாரும்போது கிழித்ததாம். கிழித்து ஏழு வாரம்!

“டாக்டர்கிட்ட போனியாடா?”

“உப்புத் தண்ணியிலயே நிக்கிற காலு மாமா. கிருமி உசுரோட இருக்குமா?”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் பி.காம். அப்புறம்தான் தெரிந்தது. சீழ்க் கட்டிக்குப் பேர்போன ஸ்டெஃபைலோகாக்கஸ் என்கிற ஜந்து, கடலைப்போல் இரண்டு மடங்கு உப்பிலும் ஜோராகக் குடித்தனம் நடத்துமாம். லேபில் அதைத் தனியாகப் பிரித்து வளர்ப்பதே 7.5 சதவிகித உப்பு போட்டுத்தான்!

திண்டிவனத்துக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “சர்க்கரை இல்லை. லிவர் டெஸ்ட் எடுங்க” என்றார். பைக் பங்க்சருக்கு பெட்ரோல் டேங்க்கைத் திறக்கிற மெக்கானிக் ஞாபகம் வந்தது. என் முழியைப் பார்த்து அவரே விளக்கினார்.

கிருமியைத் தின்பது ரத்தத்தின் வெள்ளணு. ஆனால், அது சும்மா தின்னாது. 1903-ல் லண்டனில் ஆல்ம்ரோத் ரைட்டும் டக்ளஸும், இதே ஸ்டெஃபைலோகாக்கஸை, கழுவிய வெள்ளணுக்களுக்கு உப்புத் தண்ணீரில் பரிமாறிப் பார்த்தார்கள். பெரும்பாலும் சீண்டவில்லை. ரத்தத்தின் தெளிநீரான சீரத்தைச் சேர்த்ததும் ஒரு பிடி பிடித்தன. சீரத்தில் இருந்த அந்த வஸ்துவுக்கு ‘ஆப்ஸோனின்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘ஆப்ஸோன்’ என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது. ஆக, நம் ஊர் ஊறுகாய்! (1906-ல் ரைட்டை மாதிரியாக வைத்து பெர்னார்ட் ஷா நாடகமே எழுதிவிட்டார்.)

விஷயம் இதுதான். வழுக்கும் கிருமியை வெள்ளணுவால் லேசில் பிடிக்க முடியாது. சீரத்தில் மிதக்கும் ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் புரதங்கள் கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிடிக்கவென்றே வெள்ளணுவின் மேல்புறத்தில் கொக்கிகள் உண்டு. மாட்டினால் விழுங்கல்தான்.

“சரி டாக்டர், லிவர் எங்கே வந்தது?”

“காம்ப்ளிமென்ட்டை முக்கால்வாசி செய்யறதே அதுதான். சமையல்காரன் படுத்துட்டா பந்தி எப்படி நடக்கும்?” என்றவர், மச்சினன் பக்கம் திரும்பி, “எத்தனை வருஷமா?” என்றார்.

“ஒன்பது... உழைச்ச அலுப்புக்கு, தினம் ஒரு குவார்ட்டர்தான் மேடம்.”

ரிப்போர்ட்டில் அல்புமின் குறைவு. அதுவும் லிவர் சமையல்தான். கட்டு மாற்றி, மாத்திரை எழுதி, பாட்டிலை அடியோடு நிறுத்தச் சொன்னார்.

திரும்பும்போது வழியில் அந்தக் கடை வந்தது. மச்சினன் என் தோளைத் தொட்டான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல மாமா. கொஞ்சம் வேகமாப் போங்க.”