விளக்குக்கு முன்னால் தண்ணீர்

வீட்டில் பவளம் வளர்க்க ஆசைப்படும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த விளக்கு வாங்கலாம்?" என்றுதான். கேள்வியில் தவறில்லை, வரிசையில்தான் தவறு. கடையில் நீல ஒளியின் கீழ் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும் பவளத்தைப் பார்த்தால் யாருக்கும் விளக்கின் மேல்தான் கண் போகும். ஆனால், பவளம் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பது தண்ணீரில். அதனால் விளக்குக்கான காசை எடுத்து வையுங்கள். ஆறு வாரம் வெறும் உப்புநீரையும் சில கற்களையும் மட்டும் பராமரித்துப் பாருங்கள். அந்த ஆறு வாரத்தைத் தாங்க முடியாதவர்கள் பவளம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடுமையாகத் தோன்றலாம். பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல, விலங்கு. இடம் பிடிக்காவிட்டால் மீனைப் போல நீந்தி ஒதுங்க அதனால் முடியாது. கடினப் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தமான சைட்டிசின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எல்லை தாண்டி வர அவற்றுக்கு உரிய ஆவணம் வேண்டும். அப்படி வந்து சேர்ந்த ஓர் உயிர், நாம் அவசரப்பட்டதால் மூன்றே வாரத்தில் வெறும் எலும்புக்கூடாக நிற்கக்கூடாது.

சரி, அந்த ஆறு வாரத்தில் என்னதான் நடக்கிறது? உங்கள் பாடநூலில் நைட்ரஜன் சுழற்சி நான்கைந்து அம்புக்குறிகளோடு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். தொட்டியில் அந்த அம்புகள் நகர வாரக்கணக்காகும். ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டால் அது அழுகி அம்மோனியா உருவாகும். கற்களில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். சோதனைப் பெட்டியால் இரண்டு நாளுக்கு ஒரு முறை அளந்து வரைபடத்தாளில் குறித்தால், அம்மோனியா ஏறி இறங்குவதையும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறுவதையும் நீங்களே பார்க்கலாம். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் தொட்டி உயிருக்குத் தயார். கடல்நீரின் பிஎச் அளவு நன்னீரைவிடப் பொதுவாக அதிகம். பிஎச் கூடினால் அம்மோனியாவின் நச்சு வடிவமும் கூடும். நன்னீர் மீன் தொட்டியில் தப்பித்துக்கொண்ட பிழை இங்கே தப்பாது.

குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். சிங்கப்பூரின் குழாய்நீர் நாம் குடிப்பதற்கு மிக நல்லது. அதைக் கிருமியின்றிக் காக்கச் சேர்க்கப்படும் குளோரமின்தான் தொட்டிக்கு ஆகாது. வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழைய யோசனை குளோரமினிடம் பலிக்காது. அது எளிதில் வெளியேறுவதில்லை, சிதைந்தாலும் அம்மோனியாவை விட்டுச் செல்லும். எனவே வடிகட்டிய தண்ணீரே வேண்டும். நியூவாட்டர் ஆலையில் நடக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல்தான் இந்த வடிகட்டியிலும் நடக்கிறது, அளவு மட்டும் சிறியது.

இனி ஒரு சின்னக் கணக்கு. 60 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 2,100 கிராம் உப்பு இருக்கிறது. சில நாள்களில் 3 லிட்டர் நீர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது. அந்த 3 லிட்டரை உப்புநீரால் நிரப்பினால் ஒவ்வொரு முறையும் 105 கிராம் உப்பு கூடும். நான்கு முறை செய்தால் லிட்டருக்கு 42 கிராம். அது செங்கடலைவிட உப்பான நீர். ஆவியான இடத்தை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். தொடக்கநிலை கணிதம்தான், ஆனாலும் புதியவர்கள் சறுக்கும் இடம் இது.

நம் ஊரில் இந்தக் கணக்குக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. தொட்டிக்கு ஏறத்தாழ 25, 26 டிகிரி செல்சியஸ் நல்லது. வீவக வீட்டில் பிற்பகல் வெப்பம் சாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டும்; பம்பும் விளக்கும் தம் பங்குக்குச் சூடேற்றும். குளிர்விக்கும் இயந்திரம் விலை அதிகம். ஆகவே நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுகிறார்கள். அது இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும். எப்படி? ஆவியாதலை விரைவுபடுத்தித்தான். வெப்பத்தைச் சரிசெய்யப் போய் உப்பை ஏற்றிவிடுகிறோம். தினமும் நன்னீர் ஊற்ற மறந்தால் மாட்டிக்கொள்வோம். பவளத் தொட்டியில் எதையும் தனியாகத் தொட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதனால்தான் 'சரியான எண்' என்ற ஒன்றைத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவிலும், காரத்தன்மை கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டியின் கணக்கில் 7 முதல் 9 வரையிலும் இருக்கலாம். காரத்தன்மை நிலையாக 7.5-இல் இருக்கும் தொட்டியைப் பவளம் பொறுத்துக்கொள்ளும். யாரோ 9 நல்லது என்றார் என்று ஒரே இரவில் மருந்தைக் கொட்டினால் பொறுக்காது. நைட்ரேட்டும் அப்படித்தான். 40 இருக்கும்போது பத்து விழுக்காடு தண்ணீரை மாற்றினால் 36 ஆகும், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை அப்படிச் செய்து, புதிதாக எதுவும் சேராமல் இருந்தால்கூட, பாதியாகக் குறைய ஏழு வாரம் ஆகும். அந்த வேகமே பவளத்துக்கு ஏற்ற வேகம். அதைப் பூஜ்யமாக்கவும் முயல வேண்டாம். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்குக் கொஞ்சம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேவை.

அந்த நுண்பாசிக்காகத்தான் விளக்கே. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைத் தருவது அதுதான். கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், நீலம் ஆழம் வரை போகும். ஆகவே பவள விளக்குகளில் நீலம் தூக்கலாக இருக்கும். நம் கண் பச்சைக்குத்தான் கூர்மையானது, நீலத்துக்கு மந்தம். நமக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கு, பாசிக்கு உச்சி வெயிலாக இருக்கலாம். கண்ணால் பார்த்து "வெளிச்சம் போதவில்லை" என்று முடிவெடுப்பது இங்கே செல்லாது.

வெளிச்சம் அதிகமானால் என்ன கெட்டுவிடும்? அளவுக்கு மிஞ்சிய ஒளியும் வெப்பமும் சேர்ந்தால் பாசி, கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் நம் கடலில் நடந்த வெளுப்புக்குக் கடல் சூடானதே தொடக்கம். வீட்டுத் தொட்டியில் அதை நாமே ஒரு பொத்தானைத் திருகி நடத்திவிடலாம்.

சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள கடல் கலங்கலானது. வெளிச்சம் சில மீட்டரிலேயே மங்கிவிடும். அந்தக் கலங்கலிலும் ஏறக்குறைய 250 வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன. பவளம் என்றாலே கண் கூசும் விளக்கு வேண்டும் என்பவர்களுக்கு சிஸ்டர்ஸ் தீவுகளைத்தான் காட்டுவேன். நடுத்தரமான எல்இடி விளக்கு ஒன்று, நாளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம், நேரக்கருவியோடு. மென்பவளங்களில் தொடங்குபவருக்கு இது போதும். புதுப் பவளத்தை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, வாரக்கணக்கில் மெல்ல மேலே கொண்டுவாருங்கள்.

வீட்டில் பவளமே வளர்க்கக் கூடாது, கடலில் போய்ப் பார்த்தால் போதும் என்போரும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கடலிலிருந்து வெட்டி எடுத்ததை வாங்காமல், இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த பவளத்தின் சிறு துண்டை வாங்குங்கள். மீதிப் பாதியை ஏற்காததற்குக் காரணம், தொட்டி காட்டித் தரும் சில விஷயங்கள். அவற்றில் ஒன்றைச் செய்து பார்க்கப் பவளம்கூட வேண்டாம், ஆறு வாரக் கல்தொட்டியே போதும்.

இரவில் சன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு தூங்குகிறோம். வீட்டுக் குளிர்சாதனம் பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடுகிறது. இருவர் தூங்கும் அறையில் கரியமிலவாயு வெளிக்காற்றைவிட இருமடங்குக்கு மேல் எளிதாகச் சேர்ந்துவிடும். அது தொட்டி நீரில் கரைந்து பிஎச்சைக் கீழே இறக்கும். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் பிஎச் ஏறத்தாழ 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. 0.1 என்பது கேட்கச் சிறிய எண். மடக்கை அளவு என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்கு கூடிவிட்டன என்று பொருள். உங்கள் படுக்கையறைத் தொட்டியில் அதைவிடப் பெரிய இறக்கம் ஒரே இரவில் நடக்கலாம். ஓர் இரவு சன்னலைச் சாத்தியும், மறு இரவு திறந்து வைத்தும், இரண்டு நாளும் காலை ஆறு மணிக்கே பிஎச் அளந்து குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கமாக எழுதுங்கள். விளக்கு எரியும் நேரத்தை மட்டும் இரண்டு நாளும் மாற்றாதீர்கள்.