நாற்காலி கேட்டா மாமா வீட்டைக் காட்டு

நம்ம இதழுக்கு வர்ற நகைச்சுவைக் கதைகளைக் கவனிச்சிருப்பீங்க. மதுரைக்காரன் வந்தா 'அண்ணே', நெல்லைக்காரன் வந்தா 'ஏலே', கோயம்புத்தூர்க்காரன் வந்தா 'ஏனுங்க'. அதோட அவன் வேலை முடிஞ்சது, நாம சிரிச்சிடணும். சினிமா பழக்கிவிட்டது இது. ஹாஸ்டல்லயும் இதே கதைதான். ஊர்ப்பேச்சோட வந்த ஜூனியர் ரெண்டே மாசத்துல வாயை மூடிக்கிறான். அவன் என்ன சொன்னான்னு யாரும் கேக்குறதில்ல, எப்படிச் சொன்னான்னு மட்டும் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

வட்டார வழக்கு தன்னால சிரிப்பு மூட்டாதுங்கிறது என் கட்சி. அதைப் பேசுறவன் அதை வச்சு ஏதாவது தந்திரம் பண்ணணும்.

கி. ராஜநாராயணனோட 'நாற்காலி' படிச்சிருக்கீங்களா? கரிசல் கிராமம். முக்காலியில உக்காந்த சப் ஜட்ஜ் விழுந்து வைக்க, வீட்டுல நாற்காலி செய்றாங்க. மாமா வீட்டுக்கும் ஒண்ணு. ஊர்ல சாவு விழுந்தா பிணத்தை உக்கார வைக்க இவங்க நாற்காலியைத்தான் கேட்டு வர்றாங்க. அப்புறம் அதுல யார் உக்காருவா? அடுத்த தடவை கேட்டு வந்தவங்களை மாமா வீட்டுக்குத் திருப்பி விடுறாங்க. எழவு வீட்டுக்காரங்கிட்ட முகத்துக்கு நேரா மறுக்க முடியாதே! மாமா அதுக்கு மேல. அந்தக் காரியத்துக்கே இருக்கட்டும்னு ஒரேயடியா கொடுத்துட்டு, நிம்மதியா இருக்கார். இதைப் பாடப்புத்தகத் தமிழ்ல எழுதிப் பாருங்க, நாற்காலி மட்டும்தான் மிஞ்சும். அந்த வீட்டுப் பேச்சுலதான் தந்திரம் ஓடுது. கரிசல் சொற்களுக்கு 1982-ல அகராதியே போட்ட மனுஷன், சும்மா இல்ல.

புதுமைப்பித்தனோட கந்தசாமிப் பிள்ளையும் (1943) அப்படித்தான். கடவுளே மெட்ராஸ்ல வந்து நின்னாலும் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா பிடிக்கப் பாக்குறார். கடவுளும் லேசுப்பட்டவர் இல்ல, யாரோட ஆயுள்னு கேக்குறார்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரம், இந்தோனேஷியாவுல மேடான் வரைக்கும் போய் வட்டிக்கடையில வேலை பாத்தவர். அவரோட 'புயலிலே ஒரு தோணி' நாவல்தான், சிறுகதை இல்ல. ஆனா அந்தக் கடை உலகத்தோட பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள்ங்கிற சொற்களைக் கேட்டாலே யார் யாருக்குப் பணிஞ்சு பேசணும்னு தெரிஞ்சிடும். குறும்பு ஒளிஞ்சிருக்கிறது அந்தப் பணிவுக்குள்ளதான்.

காரைக்குடியில கடனை இழுத்தடிக்கிற ஒருத்தரை எழுதுறீங்கன்னு வைங்க. "பணத்தைப் பின்னர் தருகிறேன், அம்மா" — இது பேங்க் நோட்டீஸ். "அதுக்கென்ன ஆச்சி, காசு எங்க போயிரப் போகுது?" — ஆள் கண்ணு முன்னாடி வந்துட்டார். பாதி வேலையை 'ஆச்சி'ங்கிற வார்த்தையே செஞ்சிடுது. மரியாதை குறையல, காசும் வரல.

வெளியூர்க்காரனுக்குப் புரியாதேன்னு கேப்பீங்க. அண்ணனை ஒரு அதட்டு அதட்டி, பக்கத்துலயே உக்காந்து சோறு போடுற 'அண்ணமிண்டி' யாருன்னு அடிக்குறிப்பு போட்டா சொல்லணும்?

என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச கூட்டத்துக்கு இன்னொரு சிக்கல். நம்ம கதையில திருடனும் போலீசும் பாட்டியும் ஒரே குரல்ல, ரயில்வே அறிவிப்பு மாதிரி பேசுவாங்க. அடுத்த இதழுக்கு எழுதுறவங்க ஊருக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் காதைத் திறந்து வைங்க. சில்லறையைத் தராம நழுவுற கண்டக்டர் சரியா என்ன சொல்றார்னு அப்படியே எழுதி அனுப்புங்க. 'ஏலே' வேணாம்.