இறுவட்டும் இளந்தலைமுறையின் கடமையும்

எமது பாடசாலையின் ஆண்டு விழா நிறைவுற்று, மண்டபத்துக் கதிரைகள் அடுக்கப்படுவதற்கு முன்னரே அதன் காட்சிகள் பெற்றோரின் கைப்பேசிகளில் வலம்வரத் தொடங்கிவிடுகின்றன. திருக்குறள் ஓதிய சிறுமியும் கட்டபொம்மனாய் நின்று முழங்கிய சிறுவனும் அன்றிரவே இலண்டனிலும் பாரிசிலும் வாழும் உறவினரைச் சென்றடைகின்றனர். விஞ்ஞானத்தின் இவ்வரிய கொடையை நாம் வாழ்த்தி வரவேற்கின்றோம். ஆயினும், இம்மலரின் வாயிலாகப் பெற்றோரிடமும் மாணவச் செல்வங்களிடமும் ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். அதே வீட்டில், பனிக்காலம் முழுவதும் யன்னலோரம் அமர்ந்திருக்கும் அம்மம்மா அவ்விழாவை முழுமையாகக் கண்டாரா?

மல்வேர்னில் எம்மவர் இல்லங்கள் பலவற்றிற்குச் சென்றுவரும் வாய்ப்பு எமக்குண்டு. பேரன் தன் கைப்பேசியை அம்மம்மாவின் முகத்தெதிரே அரை நிமிடம் நீட்டுகின்றான். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் காட்சி முடிந்துவிடுகின்றது. அதே வேளையில், தொலைக்காட்சியின் கீழே பழைய டிவிடி இயக்கியொன்று தூசி படிந்து கிடக்கின்றது. இறுவட்டை இட்டு ஒரு பொத்தானை அழுத்த அவருக்குத் தெரியும். பிறரது தயவின்றி அவர் இயக்கத்தக்க கருவி அது ஒன்றே.

இதனை நாம் உணர்ந்துகொண்டது எமது தவறொன்றின் மூலமாகவே. புலம்பெயர்வதற்கு முன்னர் வன்னியில் நாம் ஆசிரியராகப் பணியாற்றிய பாடசாலையின் 2004 ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாப் பதிவு, சுவிற்சர்லாந்தில் வாழும் பழைய மாணவர் ஒருவரால் கணினிக் கோப்பாக எமக்கு அனுப்பப்பட்டது. அவ்விழாவில் பேசிய மாணவர்களுள் ஒருவன் 2009 ஆம் ஆண்டு யுத்தத்தில் உயிர்நீத்தவன். அவனுடைய தாயார் இன்று மல்வேர்னில், எமது மாணவி ஒருத்தியின் அம்மம்மாவாக வாழ்கின்றார். இடப்பெயர்வுகளின்போது மகனின் நிழற்படங்கள் அனைத்தையும் இழந்தவர் அவர்.

நாம் அக்கோப்பை இறுவட்டொன்றில் எழுதிக் கொண்டுசென்று கொடுத்தோம். அத்தாயார் முழுகி, விளக்கேற்றி, தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருந்தார். இயக்கியோ இறுவட்டை வாசிக்க முடியாதென்று அறிவித்தது. மீண்டும் மீண்டும் இட்டுப் பார்த்தோம்; பயனில்லை. "பரவாயில்லை மாஸ்ரர், தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார் அவர். அன்று நாம் அடைந்த வெட்கத்துக்கு அளவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது என்பதனை எமக்கு விளக்கியவன் எமது மேல்வகுப்பு மாணவன் ஒருவனே. கணினிக் கோப்பை அவ்வாறே இறுவட்டில் எழுதுதல் வேறு. இயக்கி விளங்கிக்கொள்ளும் இறுவட்டாக ஆக்குதல் வேறு. 1996 ஆம் ஆண்டில் யப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த டிவிடி இயக்கி, பெரும்பாலும் எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கப்பட்ட காட்சியையே அறியும். அக்காட்சியும் உரிய கோப்புறையில் உரிய ஒழுங்கில் அமைந்திருத்தல் வேண்டும். இன்றைய கைப்பேசிகள் பதிவுசெய்யும் கோப்புகளோ வேறு முறைகளில் அமைந்தவை. அவை பழைய இயக்கிக்குப் புரியாத மொழி.

நாடுகளுக்கிடையேயும் வேறுபாடுண்டு. இலங்கையின் தொலைக்காட்சி முறை 625 வரிகளும் நொடிக்கு 25 படங்களும் கொண்டது. கனடாவில் வழங்கிய பழைய முறையோ 525 வரிகளும் ஏறத்தாழ 30 படங்களும் கொண்டது. ஆதலினாற்றான் ஊரிலிருந்து வந்த திருமண நாடாக்களும் இறுவட்டுகளும் இங்குள்ள கருவிகள் பலவற்றில் ஓட மறுத்தன.

அம்மாணவன் டிவிடி ஸ்டைலர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு கோப்பை மாற்றி, குறைந்த வேகத்தில் புதிய இறுவட்டில் எழுதி, வேறொரு பழைய இயக்கியில் ஓடவிட்டுச் சோதித்த பின்னரே எம்மிடம் தந்தான். ஒரு மாலைப்பொழுதின் வேலை. அத்தாயார் மகனின் மூன்று நிமிடப் பேச்சைக் கேட்டார். பின்னர் தாமே பொத்தானை அழுத்தி மறுபடியும் கேட்டார். "இவன்ர குரல் எனக்கு மறந்துபோச்சு எண்டு பயந்துகொண்டிருந்தனான்" என்று அவர் கூறியபோது, அருகிலிருந்த பேத்தி தன் மாமனின் குரலை வாழ்விலே முதன்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா? இறுவட்டின் காலம் முடிந்துவிட்டதே!" எனச் சிலர் கேட்பர். அவர் கூற்றில் உண்மையுண்டு. வீட்டு ஒளிநாடா இயக்கிகளின் உற்பத்தி 2016 ஆம் ஆண்டில் முற்றாக நின்றது. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இறுவட்டு இடும் வாயிலே இல்லை. வீட்டில் எழுதும் இறுவட்டின் பதிவுப் படையும் சாயத்தாலானது; வெப்பமும் வெளிச்சமும் அதனைச் சிதைக்கும். எனவே இறுவட்டு ஒன்றையே நம்பியிருக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால், காலம் முடியப்போகின்றது என்பதே விரைந்து செயற்படுவதற்குக் காரணமாகும். இயக்கியும் இருந்து, அதனை இயக்கும் மூத்தோரும் இருக்கும் நாள்கள் இன்னும் எத்தனை? அன்றியும், எம் பிள்ளைகளின் முகங்களை உலகமே காண இணையத்தில் ஏற்றுவதற்கு விரும்பாத பெற்றோரும் உளர். அவர்தம் வீட்டுக்கு இறுவட்டே தக்கது.

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரித்தவரை நாம் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால், எமது மேசை இழுப்பறைகளிலும் நிலக்கீழ் அறைகளின் பெட்டிகளிலும் கிடந்து அழியும் நாடாக்களுக்கும் கோப்புகளுக்கும் எவரைக் குற்றஞ்சாட்டுவோம்?

ஆகவே, எமது பாடசாலைச் சமூகத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றோம். முதலாவதாக, இவ்வாண்டு விழாப் பதிவை மேல்வகுப்பு மாணவர்கள் முறைப்படி இறுவட்டாக்கி, விரும்பும் மூத்தோர் ஒவ்வொருவருக்கும் கையளித்தல் வேண்டும். உறையின்மேல் நிகழ்வும் ஆண்டும் தமிழில் எழுதப்படல் வேண்டும். இரண்டாவதாக, இறுவட்டாக்கிய பின்னர் மூலக்கோப்பை அழித்துவிடாது, வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகளாவது பேணல் வேண்டும். இறுவட்டுக்காக மாற்றும்போது காட்சியின் தெளிவு குறையும் என்பதனை மறத்தலாகாது. மூன்றாவதாக, வீட்டிலுள்ள பழைய பதிவுகளை மாணவர்கள் பாட்டன் பாட்டியரோடு கூடியிருந்து பார்த்து, "இவர் யார், இது எந்த ஊர்?" என வினவி, விடைகளைத் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த பதிவு, இருபது ஆண்டுகளின் பின் எவருக்கும் பயன்படாது.

இம்மூன்றாவது பணியை எந்த மென்பொருளும் செய்து தராது. அதற்குத் தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்த பேரப்பிள்ளை வேண்டும். சனிக்கிழமை காலைகளில் உறக்கத்தைத் துறந்து இப்பாடசாலைக்கு வருவதன் பயன் யாதென எம்மிடம் வினவும் மாணவருக்கு, நாம் கூறக்கூடிய விடை இதுவேயாம்.

அடுத்த ஆண்டு விழா வருமுன், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இறுவட்டாவது ஓடட்டும்.