அறுபதும் ஐம்பதும்

ஸௌதி அரேபியாவில் வேலை பார்க்கும் அரியலூர் இளைஞர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது தாயாருக்கென்று ஒரு குளிர்ப்பெட்டியும் மின்சாரக் கடிகாரமும் கொண்டுவந்தார். இரவு 9 மணிக்குத் திருத்தி வைத்த கடிகாரம், மறுநாள் காலை 6 மணிக்கு நாலரை என்று காட்டியது. அதை நம்பிய அம்மாள் பெரம்பலூர் பஸ்ஸைத் தவறவிட்டார். “நம்மூர்க் கரண்டே மட்டம்!” என்று பிள்ளையாண்டான் தீர்ப்புக் கூறிவிட்டார்.

இந்தத் தீர்ப்பை நாம் ஒப்புவதற்கில்லை. வீட்டு மின்சாரம் முன்னும் பின்னுமாக ஊசலாடுவது. நம் தேசத்தில் அது விநாடிக்கு 50 தடவை, ஸௌதியில் 60. பக்கத்திலுள்ள குவைத்திலும் துபாயிலும்கூட 50தான். ஆகவே, அவற்றோடு மின்சாரம் பரிமாறிக்கொள்ள ஸௌதியின் அல்-பதிலியில் 2009-ல் ஒரு மாற்று நிலையமே கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கடிகாரமோ 60 ஊசல்களை எண்ணி ஒரு விநாடி என்று கொள்வது. இங்கே மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்காமல் என்ன செய்யும்?

தென்னாட்டு மின்சாரம் 50-க்கு வெகுவாகக் கீழே தொய்ந்து கிடந்த காலமும் உண்டு, மறைப்பானேன்? ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–ஷோலாப்பூர் கம்பி வழியே வடக்கும் தெற்கும் இணைந்தன. அன்றுமுதல் காஷ்மீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே நாடித்துடிப்பு.

கடிகாரம் பிசகினால் பஸ்தான் போகும். நமக்குக் கவலை தந்தது குளிர்ப்பெட்டி. அறுபதுக்கென்று செய்த சாதாரண மோட்டார் ஐம்பதில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். வோல்ட் குறையாமல் துடிப்பு மட்டும் குறைவதால், உள்ளிருக்கும் இரும்பில் காந்தம் அளவு மீறும். கம்பிச் சுருள் அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். “வோல்ட் ஒன்றுதானே, பயமில்லை” என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு டிரான்ஸ்பார்மரை வைத்து வோல்டைக் குறைத்தால் சூடு தணியும். துடிப்பை மாற்ற அதனால் ஆகாது.

இஸ்திரிப் பெட்டிக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் இந்தத் தொல்லை இல்லை. டெலிபோன் சார்ஜரில் ‘50/60’ என்று அச்சிட்டிருந்தால் அதற்கும் இல்லை. மோட்டார் உள்ள சாமானை வாங்குமுன் முதுகுத் தகட்டைப் படிக்க வேண்டும்.

இந்தப் பெட்டியின் தகட்டில் 60 மட்டுமே இருந்தது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னோம். “இரண்டு வருஷம் வெயிலில் நின்று சம்பாதித்தது, ஐயா” என்றார் அம்மாள். மறுமுறை போனபோது, பெட்டியின் கதவு திறந்திருந்தது; தட்டுகளில் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் பரப்பியிருந்தது.