ஆயிரம் பிரதிகளும் ஐம்பதாயிரம் பிரதிகளும்

இசைத்தட்டுச் சேகரிப்பைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வாய்ப்பாடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. வசதி படைத்தோரின் ஏக்கப் பொழுதுபோக்கு, பண்ட மோகம் என்பது ஒன்று. இணைய ஒலியோடைகளின் காலத்தில் பொருளைக் கையில் ஏந்துவதே ஓர் எதிர்ப்பு என்பது மற்றொன்று. முதல் தரப்பு மார்க்ஸைத் துணைக்கு அழைக்கிறது; இரண்டாம் தரப்பு வால்ட்டர் பெஞ்சமினை அழைக்கிறது. தட்டைத் திருப்பி, மறுபக்கத்தில் யாருடைய பாடல் பதிந்திருக்கிறது என்று பார்க்கும் பொறுமை இரண்டு தரப்புக்கும் இல்லை.

அந்த மறுபக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 1980களின் நடுப்பகுதி முதல் அமெரிக்க, பிரித்தானிய இண்டி ராக் குழுக்கள் வெளியிட்ட ஏழு அங்குலச் சிங்கிள்களில் கணிசமானவை பிறர் பாடல்களைச் சுமந்தவை. ஒரு குழு மற்றொரு குழுவை எப்படிக் கேட்டது, எதை ஏற்றது, எதை மறுத்தது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சான்று கிடையாது. நேர்காணலில் எவரும் எவரையும் புகழலாம். பாடிக் காட்டும்போது பொய் சொல்வது கடினம்.

1988 நவம்பரில் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்கான சிங்கிள்ஸ் கிளப்பைத் தொடங்கியது. அதன் முதல் தட்டு நிர்வானா குழுவின் முதல் சிங்கிளும் ஆகும்: ‘லவ் பஸ்’. ஷாக்கிங் புளூ என்னும் டச்சுக் குழு 1969இல் வெளியிட்ட பாடல் அது. கையால் எண்ணிடப்பட்ட 1,000 பிரதிகள். இன்று அந்தத் தட்டைப் பற்றி எழுதுவோர் ஏறக்குறைய எல்லாரும் அந்த எண்ணைப் பற்றியே எழுதுகிறார்கள். ‘வீனஸ்’ என்ற ஒரே பாடலால் உலகம் அறிந்திருந்த ஒரு குழுவின், அதிகம் அறியப்படாத பாட்டு ஒன்றை, மரம் அறுக்கும் சிற்றூரிலிருந்து வந்த இளைஞர்கள் தங்கள் முதல் அறிமுகமாக ஏன் தேர்ந்தார்கள் என்ற கேள்வி அந்த எண்ணுக்கு அடியில் புதைந்துபோகிறது. சிங்கிளின் தொடக்கத்தில் கர்ட் கோபேன் ஒட்டுச்சேர்த்து அமைத்த சில வினாடி ஒலித்துணுக்கு, அடுத்த ஆண்டு வந்த ‘பிளீச்’ தொகுப்பில் இல்லை. ஆய்வாளருக்கு வேண்டியது அந்தச் சில வினாடிகள். சந்தைக்கு வேண்டியது உறையின் மீதுள்ள மைக்குறி.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த மற்றொரு சப் பாப் தட்டு இன்னும் கூர்மையானது. ஒரு பக்கத்தில் மட்ஹனியின் ‘டச் மீ ஐயம் சிக்’ பாடலைச் சோனிக் யூத் பாடியது. மறுபக்கத்தில் சோனிக் யூத்தின் ‘ஹாலோவீன்’ பாடலை மட்ஹனி பாடியது. மட்ஹனியின் மூலப்பாடல் வந்து நான்கு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. ஓர் ஆணின் அருவருப்பும் வீறாப்பும் கலந்த அப்பாடல் கிம் கோர்டனின் குரலுக்கு வந்ததும் அதன் ‘நான்’ யாருடையது என்பதே மாறிவிடுகிறது. கிம் கோர்டன் பாடியிருந்த ‘ஹாலோவீன்’ மறுபக்கத்தில் மார்க் ஆர்மின் தொண்டைக்குப் போகிறது. பால்நிலை, குரல், மேடைப் பாத்திரம் ஆகியவை பற்றிப் பாடத்திட்டங்கள் பக்கம் பக்கமாகச் சொல்ல முயல்வதை ஒரே தட்டின் இரு பக்கங்கள் சில நிமிடங்களில் செய்து காட்டுகின்றன. இதைப் பண்ட மோகம் என்று தள்ளிவிடும் விமர்சகர் கேட்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மறுதரப்பின் பாவனையும் இதற்குக் குறைந்ததன்று. வரம்பிட்ட பதிப்பு என்பதில் தொடக்கத்தில் எந்த மாயமும் இல்லை. அரக்குத் தட்டு வெட்டுவதற்கும் உலோக அச்சுத் தகடு எடுப்பதற்கும் ஆகும் செலவு, 300 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் ஒன்றே. ஓர் அச்சுத் தகடு ஏறத்தாழ 1,000 அழுத்தங்களுக்குப் பின் தேய்ந்துவிடும். சிறு நிறுவனத்தின் பணப்பையும் ஏறத்தாழ அங்கேயே தேய்ந்துவிடும். ஆயிரம் என்ற எண் வறுமையின் கணக்கு. அதை அழகியலாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். ஒரே பாடலை நான்கு நிற வினைலில் அடித்து நான்கையும் ஒரே ஆளுக்கு விற்பது, ரெக்கார்டு ஸ்டோர் டே என 2008 முதல் நடக்கும் திருநாளில் வாங்கிய தட்டை அன்று மாலையே இருமடங்கு விலைக்கு இணையத்தில் ஏற்றுவது, பிரிக்காத உறையோடு அலமாரியில் அடுக்குவது: இவற்றில் எங்கே எதிர்ப்பு இருக்கிறது? ஒருமுறைகூட ஊசி படாத தட்டு பங்குப் பத்திரத்துக்கு நெருங்கிய உறவு. மறுவிற்பனையில் ஏறும் விலையில் ஒரு செப்புக்காசும் பாடியவருக்கோ, மூலப்பாடலை எழுதியவருக்கோ போவதில்லை.

வரம்பைக் கொண்டு விளையாடவும் முடியும். லீட்ஸ் நகரத்து வெட்டிங் பிரசன்ட் 1992இல் மாதம் ஒரு சிங்கிள் வெளியிட்டது. ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள்; முன்பக்கம் சொந்தப் பாடல், பின்பக்கம் கவர் பாடல். கோ-பிட்வீன்ஸ், மங்கீஸ், நீல் யங், ஜூலி குரூஸ், ‘ஷாஃப்ட்’ படத்தின் முகப்பிசை, டிசம்பருக்கு எல்டன் ஜானின் கிறிஸ்துமஸ் பாட்டு. பன்னிரண்டும் பிரித்தானியப் பட்டியலின் முதல் முப்பதுக்குள் நுழைந்தன. பட்டியல் என்பதே வாரக் கணக்கின் வித்தை என்று அம்பலமானது. பிறகு அத்தனை பாடல்களும் ‘ஹிட் பரேட்’ என்ற இரு தொகுப்புகளாக வந்தன. தட்டைத் தவறவிட்டவர் பாட்டைத் தவறவிடவில்லை. வரம்பு தட்டுக்கு இருக்கலாம், பாட்டுக்கு இருக்கலாகாது என்ற இந்த வேறுபாட்டைச் சேகரிப்பாளர்களில் பலர் இன்றும் ஏற்க மறுக்கிறார்கள். மறுபதிப்பு அறிவிக்கப்பட்டால் முதற்பதிப்பு வைத்திருப்பவர் முகம் சுருங்குவது எதனால் என்பதை அவர்களே விளக்கட்டும்.

இவையெல்லாம் மேலைநாட்டார் விவகாரம், இந்திய ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் உள்ளது.

அமெரிக்காவில் 1909 முதல் கட்டாய உரிமம் நடைமுறையில் இருக்கிறது. ஒருமுறை முறைப்படி வெளியான பாடலை, அறிவிப்புக் கொடுத்து, பிரதிக்கு இவ்வளவு என்று கட்டி எவரும் பதியலாம். 2023இல் அந்த விகிதம் 12 சென்ட். 500 பிரதிகளுக்கு 60 டாலர். பாடுபவரின் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு, அடிப்படை மெட்டையும் இயல்பையும் குலைக்காத வரை. இண்டி ராக்கின் கவர் மரபு இந்த ஏற்பாட்டின் மடியில் வளர்ந்தது. கலகக் கதைகளில் இந்தச் சட்டப் பிரிவு இடம்பெறுவதில்லை.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 31சி பிரிவு வேறு உலகத்தைச் சேர்ந்தது. உரிமையாளர் இசைந்தால் சிக்கல் இல்லை. அவர் இசைவின்றிச் சட்ட உரிமத்தின் வழியே செல்பவருக்கு நிபந்தனைகள் இவை: முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் கழிய வேண்டும். கடைசிப் பதிவு எந்த ஊடகத்தில் வந்ததோ அதே ஊடகத்தில்தான் கவரும் வர வேண்டும், அந்த ஊடகம் வணிகப் புழக்கத்தில் இல்லாமல் போயிருந்தாலன்றி. முன்பு இசைவு பெற்றுச் செய்யப்படாத, தொழில்நுட்ப ரீதியாகத் தேவையற்ற எந்த மாற்றமும் கூடாது. பிரதிகள் எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு உரிமத்தொகை செலுத்த வேண்டும்.

ஐம்பதாயிரம். 500 தட்டு அடிக்க விரும்பும் குழு நூறு மடங்குக்குக் கட்ட வேண்டும்.

இந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1980களில் டி-சீரிஸ், அன்றைய சட்டம் தந்த இடைவெளியைக் கொண்டு பழைய திரைப்பாடல்களை வேறு குரல்களில் பாடவைத்து ஒலிநாடாக்களாகக் குவித்த வரலாற்றைப் பீட்டர் மானுவல் 1993இல் வெளியான ‘கேசட் கல்ச்சர்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சந்தையின் அளவுகோலைக் கொண்டுதான் இன்றும் எல்லாக் கவரும் அளக்கப்படுகிறது. குறைந்தபட்ச எண்ணைத் தளர்த்த விலக்கு ஒன்று உண்டு. அதுவும் ஒரு மொழி அல்லது வட்டார வழக்கின் விற்பனை வாய்ப்பைப் பார்த்து மட்டுமே. பதிப்பின் சிறுமை அங்கே கணக்கில் இல்லை. அந்த விலக்கை வழங்க வேண்டிய பதிப்புரிமை வாரியம் மேல்முறையீட்டு வாரியத்தோடு இணைக்கப்பட்டு, அதுவும் 2021இல் கலைக்கப்பட்டது.

‘மாற்றம் கூடாது’ என்ற விதியோ கவர் பாடல் என்ற கலையின் கழுத்தில் கை வைக்கிறது. கியூர் குழுவின் ‘ஜஸ்ட் லைக் ஹெவன்’ பாடலை டைனோசர் ஜூனியர் 1989இல் பதிந்தபோது பல்லவியில் அலறலைப் புகுத்தி, பாட்டை நடுவழியில் கத்தரித்ததுபோல் முடித்தது. இது தொழில்நுட்பத் தேவையா என்று இந்திய நீதிமன்றம் ஒன்று விசாரிக்கும் காட்சி நகைச்சுவைக்கு உதவும், இசைக்கு உதவாது.

இங்கே அப்படிப்பட்ட மரபே இல்லையே என்பாரும் உளர். ஷில்லாங்கில் லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளை அவர் பாடல்களைப் பாடிக் கொண்டாடி வருகிறார். 1970, 1971 ஆண்டுகளில் சிகரெட் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த சிம்லா பீட் போட்டியிலிருந்து இரு இசைத்தட்டுகள் வந்தன. சொந்தப் பாடல்களோடு கவர்களும் அவற்றில் உண்டு. மரபு இருக்கிறது. அது தட்டில் ஏறுவதற்கும், ஏறியது நிலைப்பதற்கும்தான் வழி இல்லை. நூல்களையும் இதழ்களையும் பொது நூலகங்களுக்கு ஒப்படைக்கச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒலிப்பதிவுகளைத் தொடுவதே இல்லை. ஆகவே இந்திய ராக்கின் முதல் தலைமுறைக்குக் காப்பகமாக இருப்பவர்கள், கருத்தரங்குகளில் பழிக்கப்படும் அதே சேகரிப்பாளர்கள்தாம். சிம்லா பீட் தட்டுகளை மறுபதிப்புச் செய்ய முன்வந்ததும் வெளிநாட்டுச் சிறு நிறுவனமே.

ஐம்பதாயிரம் என்ற வரியை நீக்கி, எடுத்த பிரதிக்கு மட்டும் தொகை என்று மாற்றுவதற்கு ஒரு சிறு திருத்தம் போதும். பாணிக்கேற்ற மாற்றத்தை அனுமதிக்க இன்னொரு தொடர். ஒலிப்பதிவுகளை ஒப்படைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவர மூன்றாவது. இசை, பண்பாட்டு ஆய்வுத் துறைகள் இவற்றில் எதற்காகவும் ஒரு கோரிக்கை மனுகூட எழுத முன்வராத நிலையில், பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தின் பெட்டிகளைப் பிரித்த கதையைப் பற்றி மட்டும் ஆண்டுக்கு ஓர் அமர்வு தவறாமல் நடக்கிறது.