படைகள் போன பிறகு யார் பேசுவது? ஆப்கன் சிவில் சமூகம் சொல்லும் பாடம்

2021 ஆகஸ்ட் 30. காபூலிலிருந்து கடைசி அமெரிக்க ராணுவ விமானம் கிளம்பியது. 20 வருடப் போர் முடிந்தது. அடுத்த சில நாட்களிலேயே கல்வி, வேலை உரிமை கேட்டு அதே நகரத்தின் தெருக்களில் பெண்கள் இறங்கினார்கள். அனுமதியில்லாத போராட்டங்களுக்கு தலிபான் தடை போட்டது. அரசும் ராணுவமும் கலைந்துபோன நேரத்தில், எதிர்த்து நின்றது சிவில் சமூகம்தான்.

சிவில் சமூகம்னா யார்?

அரசும் இல்லை, கட்சியும் இல்லை. தொண்டு நிறுவனங்கள், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பெண்கள் அமைப்புகள் எல்லாம் இதில் அடக்கம். ஆட்சி மாறும்போது மக்களின் குரலைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுபோவதும், அரசு முடங்கினாலும் பள்ளிகளும் மருத்துவமும் முடங்காமல் பார்த்துக்கொள்வதும் இவர்களின் வேலை.

எங்கே சறுக்கியது?

முதல் சறுக்கல், தோஹாவில். 2020 பிப்ரவரி 29-ல் அங்கு கையெழுத்தான ஒப்பந்தம் அமெரிக்காவுக்கும் தலிபானுக்கும் இடையிலானது. அன்றைய ஆப்கன் அரசே அதில் இல்லை. அப்புறம் சிவில் சமூகத்துக்கு ஏது இடம்? பின்னர் தொடங்கிய உள்நாட்டுப் பேச்சுவார்த்தையில் அரசுத் தரப்புக் குழுவின் 21 பேரில் பெண்கள் 4 பேர். தலிபான் குழுவில் ஒருவர்கூட இல்லை.

இரண்டாவது, பணம். ஆப்கன் அரசுச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிநாட்டு நிதியில் ஓடியது. பல அமைப்புகளின் நிலையும் அதேதான். படைகள் கிளம்பியதும் நிதி நின்றது, அலுவலகங்கள் மூடின, அனுபவசாலிகள் பலர் நாட்டைவிட்டே போனார்கள். 2002-ல் தொடங்கிய மனித உரிமை ஆணையத்தை 2022 மே மாதம் தலிபான் கலைத்தது.

எது மிஞ்சியது?

ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. தொண்டு நிறுவன வேலைக்கும் தடை வந்தது. ஆனாலும் வீடுகளுக்குள் ரகசிய வகுப்புகள் நடக்கின்றன. ஆன்லைனிலும் பாடம் ஓடுகிறது. தன்னார்வலர்களோடு கிராமம் கிராமமாகப் புத்தகங்கள் கொண்டுபோன மதியுல்லா வேசா, 2023-ல் கைதாகி ஏறக்குறைய 7 மாதங்கள் சிறையில் இருந்தார். நன்கொடையை நம்பியவை பெரும்பாலும் சரிந்தன. உள்ளூரில் வேர் பிடித்தவை ஒளிந்தாவது வாழ்கின்றன.

உலகம் பாடம் கற்றதா?

சந்தேகம்தான். 2024 ஜூன் இறுதியில் ஐ.நா. தோஹாவில் நடத்திய கூட்டத்துக்கு தலிபான் வந்தது. ஆப்கன் பெண்கள் அந்த மேஜையில் இல்லை. தூதர்கள் அவர்களைத் தனியாகத்தான் சந்தித்தார்கள்.

2025 அக்டோபரில் தலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தகி டெல்லி வந்தார். முதல் பிரஸ் மீட்டில் பெண் பத்திரிகையாளர்கள் யாரும் இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும், இரண்டே நாளில் அவர்களையும் அழைத்து இன்னொரு பிரஸ் மீட் நடந்தது. பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆப்கன் பெண்களின் கல்வி பற்றியே கேள்வி கேட்டார்கள்.

அழுத்தம் கொடுத்தால் நாற்காலி கிடைக்கும் என்பதை டெல்லி காட்டியது. அதே அழுத்தத்தை, தலிபானுடன் கைகுலுக்கும் நாடுகள் காபூல் பெண்களுக்காகக் கொடுக்குமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.